பிள்ளைக்காம்பரா யாருடைய கையை விடுவிக்கிறது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பிள்ளைக்காம்பரா என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சில இடங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். இப்போது வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று எழுதியிருக்கிறது. பலகை மாறினாலும் லயத்துப் பேச்சு மாறவில்லை. "புள்ளைய காம்பராவுல வுட்டுட்டு மலைக்குப் போறேன்" என்றுதான் அம்மாமார் இன்னும் சொல்கிறார்கள். நாமும் இங்கே அந்தப் பழைய பெயரையே பாவிக்கிறோம்.

அந்தப் பேச்சில் வரும் "வுட்டுட்டு" என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள். சாமானை ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போவது போலத்தான் அது கேட்கிறது. பிள்ளையை விட்டு வைக்கும் இடம் மட்டும்தானா அது? அல்லது பிள்ளை அங்கே எதையாவது பெற்றுக்கொண்டு வருகிறதா? அம்மாவுக்கு அதனால் உண்மையில் எவ்வளவு உதவி? உலகின் பல நாடுகளில் இதே கேள்விகளைக் கேட்டு, பல வருடங்களாகக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றில் நமக்குப் பொருந்துவதை மட்டும் இங்கே எடுத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் நம் கதை. ஆரம்ப காலத்துப் பிள்ளைக்காம்பரா கொழுந்துக்காகத் தொடங்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்களின் கை. அந்தக் கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தால் கூடை நிரம்பாது. ஆகவே லயத்துக் காம்பரா ஒன்றை ஒதுக்கி, மலைக்குப் போக முடியாத ஒரு வயதான ஆயம்மாவை வைத்தார்கள். விட்டத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. பிள்ளைகள் அழாமல், அடுப்பில் விழாமல், வெளியே ஓடாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, பிறகு யுனிசெப்பும் நோர்வே, நெதர்லாந்து அரசுகளும் உதவி செய்ய, கட்டடம், மலசலகூடம், தண்ணீர்க் குழாய், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறிய பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே தரத்தில் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. உங்கள் தோட்டத்தில் எப்படி என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது அம்மாவின் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு தாய் மாதத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை என்று வையுங்கள். பிள்ளை பிறந்து ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை, அதாவது 36 மாதத்தில், 216 நாள் பேர் போய்விட்டது. ஏறக்குறைய ஒன்பது மாத வேலை! அந்த 216 நாளின் சம்பளம் மட்டும் போகவில்லை. சம்பளத்தை வைத்துத்தான் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் பணம் கட்டப்படுகிறது. பேர் விழாத நாளுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. இருபத்தைந்து வயதில் விட்ட நாள் ஐம்பது வயதில் சேமலாப நிதியை எடுக்கும்போது குறைவாகத் தெரியும். "ஒரு நாள்தானே" என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

இந்தக் கணக்கு நம் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ என்ற பெரிய நகரத்தில் மலைச்சரிவுகளில் நெருக்கமாகக் கட்டிய வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள பெண்கள் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள். நகரசபை அவர்களுக்காக நாள் முழுவதும் திறந்திருக்கும் இலவசப் பிள்ளைக் காப்பகங்களை நடத்துகிறது. சாப்பாடும் அங்கேயே. 2007இல் ஏறக்குறைய 10,000 இடங்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. யாருக்குக் கொடுப்பது? சிபாரிசு வேண்டாம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

சீட்டுக் குலுக்கியதால் ஆராய்ச்சிக்கு ஒரு நன்மை கிடைத்தது. இடம் கிடைத்த குடும்பமும் கிடைக்காத குடும்பமும் ஒரே மாதிரியானவை, வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமே. ஆகவே பிறகு இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஏதாவது வேறுபாடு தெரிந்தால் அது காப்பகத்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். பார்த்தபோது, இடம் கிடைக்காத தாய்மாரில் நூற்றுக்கு 36 பேர் வேலை செய்தார்கள். இடம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர். பத்துப் பேர் அதிகம். ஆபிரிக்காவில் நைரோபி நகரத்துச் சேரிப் பகுதி ஒன்றில் பிள்ளைக் காப்பகக் கட்டணத்துக்கு உதவிப்பணம் கொடுத்துப் பார்த்தபோதும் வேலை செய்யும் தாய்மாரின் தொகை அதே போலக் கூடியது.

அம்மாமாருக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் ரியோவின் கதை அத்தோடு முடியவில்லை. அதே குடும்பங்களை நான்கு வருடம், ஏழு வருடம் கழித்தும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நான்காம் வருடத்திலும் இடம் கிடைத்த வீடுகளின் வருமானம் கூடுதலாகவே இருந்தது. அந்தக் கூடுதல் வருமானத்தில் பெரும் பகுதி யாரால் வந்தது தெரியுமா? வீட்டிலிருந்த பாட்டி தாத்தாமாராலும், பிள்ளையின் வளர்ந்த அக்கா அண்ணன்மாராலும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள்தான். காப்பகம் வந்ததும் அவர்களுடைய கையும் விடுபட்டது.

இதை வாசித்தபோது நமக்கு நம் லயத்து வாசல்தான் ஞாபகம் வந்தது. கிழவி ஒருத்தி இடுப்பில் பேரப்பிள்ளையோடு விறகு பொறுக்குகிறாள், பீலியில் தண்ணீர் பிடிக்கிறாள். மலையில் முப்பது நாற்பது வருடம் முதுகு வளைந்தவள், இளைப்பாற வேண்டிய வயதில் முழுநேரக் காவல் வேலை செய்கிறாள். அதற்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. இன்னொரு பக்கம் பதினொரு பன்னிரண்டு வயது அக்கா. "இன்னைக்கு மட்டும் தம்பிய பாத்துக்கம்மா, நாளைக்கு ஸ்கூலுக்குப் போவலாம்" என்று வீட்டில் நிறுத்தப்படுகிறவள். அந்த "இன்னைக்கு மட்டும்" வாரத்தில் இரண்டு நாள் ஆகிறது. கணக்குப் பாடத்தில் பின்னம் சொல்லிக்கொடுத்த நாளில் அவள் இல்லை. பிறகு பின்னம் ஒரு நாளும் புரிவதில்லை. இலங்கையில் 16 வயது வரை பிள்ளை பாடசாலை செல்ல வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். எனினும் சட்டம் லயத்துக் கதவைத் தட்டி அக்காவை அழைத்துப் போவதில்லை. பிள்ளைக்காம்பரா ஒழுங்காகத் திறந்திருந்தால், அதில் தாய்க்கு நம்பிக்கை இருந்தால், அக்கா பாடசாலைக்குப் போவாள். ஆகவே பிள்ளைக்காம்பராவின் நன்மையைச் சின்னப் பிள்ளையின் பெயரில் மட்டும் எழுதினால் கணக்குப் பிழை.

பாட்டி வீட்டில் இருக்கும்போது காம்பராவுக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நோர்வேயில் 1975க்குப் பிறகு மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்க உதவியுடன் ஏராளமான காப்பகங்கள் திறக்கப்பட்டன. அங்கே தாய்மாரின் வேலை பெரிதாகக் கூடவில்லை. ஏனென்றால் ஏற்கெனவே உறவினரும் அயலவரும் பிள்ளைகளைப் பார்த்து வந்தார்கள், அந்த இடத்தைத்தான் காப்பகம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது, காப்பகம் குறைவாக இருந்த ஊர்ப் பிள்ளைகளை விடக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பாட்டியின் அன்புக்கு ஈடில்லை. இருந்தாலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் வயதுக் கூட்டாளிகளும், கதை சொல்ல ஆளும், வரைய இடமும் வேண்டும். அதைப் பாட்டியிடம் கேட்பது அவளுக்கும் பாரம்.

சரி, பிள்ளையின் படிப்பு என்ன ஆகிறது? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காப்பகம் திறந்தாலே பிள்ளை கெட்டிக்காரனாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ரியோவில் இடம் கிடைத்த பிள்ளைகள் நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது அறிவு வளர்ச்சியில் முன்னே நின்றார்கள். ஏழு வருடம் கழித்து அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உயரத்தில் கண்ட முன்னேற்றம் ஏழாம் வருடத்திலும் இருந்தது. ஒழுங்கான சாப்பாடுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். உயரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. 2016இல் எடுத்த குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது நூற்றுக்கு 32. நம் பிள்ளைகள் "பரம்பரையா குட்டை" என்று சொல்லிச் சமாதானம் அடைவதை நாம் ஏற்கவில்லை. முதல் இரண்டு வருடத்தில் சாப்பாடு போதாமலும் அடிக்கடி வயிற்றோட்டம் வந்தும் வளர்ச்சி நின்ற பிள்ளைதான் பெரும்பாலும் குட்டையாகிறது. அதே சத்துக் குறைவு மூளையையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில் கொடுக்கும் பகல் சாப்பாடும், மாதம் தவறாமல் நிறுத்துப் பார்ப்பதும், கை கழுவிச் சாப்பிடும் பழக்கமும் படிப்புக்குச் சம்பந்தமில்லாத காரியங்கள் அல்ல.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது வேறு கதை. 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பராமரிக்கும் திட்டம் தொடங்கினார்கள். சில வருடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தார்கள். தாய்மார் வேலைக்குப் போவது நன்றாகக் கூடியது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் அதிகம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்தால், சராசரியில் பதற்றமும் அடிபிடியும் கூடியிருந்தன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கெடுதி இல்லை, சிலருக்கு நன்மையும் உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அங்கே இடங்கள் வேகமாகக் கூட, பல காப்பகங்களின் தரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே பலரும் சொல்லும் விளக்கம். பணக்கார நாட்டிலேயே இப்படி என்றால், ஒரே ஒரு உத்தியோகத்தரிடம் கைக்குழந்தை முதல் நான்கு வயது வரை இருபது முப்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு "ஏன் பாட்டு சொல்லிக்குடுக்கல?" என்று கேட்பதில் என்ன நியாயம்?

ஆள் கூடினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இந்தியாவில் 1975 முதல் ஊர்தோறும் அங்கன்வாடி என்ற பாலர் நிலையங்கள் இயங்குகின்றன. அங்குள்ள பணியாளர் ஒருவரே பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், சத்துணவைக் கவனிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணித் தாய்மார் வீட்டுக்கும் போக வேண்டும். படிப்பிப்பதற்கு நேரம் எங்கே? தமிழ்நாட்டில் 320 நிலையங்களை எடுத்து, அவற்றில் பாதிக்கு மட்டும் படிப்பிப்பதற்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைச் சேர்த்தார்கள். படிப்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களை விட முன்னே வந்தார்கள். முதல் பணியாளருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. அந்தப் பணியாளர் பெரிய பட்டம் பெற்றவர் அல்ல. உள்ளூர்ப் பெண்தான். நம் தோட்டங்களில் உயர்தரம் வரை படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து இந்த வேலையில் சேர்ப்பது தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம் என்பது நம் அபிப்பிராயம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஜமெய்க்கா நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனில் 1986, 1987 ஆண்டுகளில் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணித்தியாலம் போனார். போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். விளையாட்டுச் சாமான்கள் வீட்டில் கிடைத்த டப்பா, மூடி, துணி போன்றவைதான். இரண்டு வருடம் அவ்வளவுதான் நடந்தது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் உழைக்கும் வயதில், அப்படி யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளை விட நூற்றுக்கு 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மா மட்டும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பிற்காலத்தில் அந்த வித்தியாசம் இருக்கவில்லை. சாப்பாடும் வேண்டும், கதைப்பதும் வேண்டும்.

மலையிலிருந்து ஈரச் சாக்கோடு வந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டுக்கொண்டு பிள்ளையோடு விளையாடு என்றால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரும். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. மாவு பிசையும்போது ஒரு உருண்டையை அதன் கையில் கொடுத்து "இது பெரிசா, அது பெரிசா?" என்று கேளுங்கள். படியில் ஏறும்போது ஒன்று, இரண்டு என்று சொல்லி ஏறுங்கள். பிள்ளை கைநீட்டிக் காட்டுவதற்குப் பெயர் சொல்லுங்கள். அது ஏதோ மழலையில் சொன்னால் நின்று பதில் சொல்லுங்கள். கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் போன் பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

பால் குடிக்கும் பிள்ளையுள்ள தாய்மார் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு. வேலையிடத்தில் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. பிள்ளைக்காம்பரா இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது துரையோ கங்காணியோ இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை அல்ல, சட்டம். "மலை தூரம், எறங்கி ஏற நேரமில்ல" என்று அந்த நேரத்தைக் கைவிட்டு, பிள்ளைக்குப் போத்தல் பாலைப் பழக்கிவிடாதீர்கள். கைக்குழந்தை உள்ளவர்களைக் கிட்டிய மலைக்கு அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை. பல தோட்டங்களில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைக்காம்பராவின் நேரம் பிரட்டு நேரத்தையும் கொழுந்து நிறுக்கும் நேரத்தையும் வைத்து அமைந்தது. ஆனால் இன்று டவுனில் கார்மெண்ட்ஸுக்கும் கடைக்கும் போகும் தாய்மாரும் லயத்தில் இருக்கிறார்கள். அவர்கள் விடியற்காலை பஸ் ஏறி இருட்டியபின் வருகிறவர்கள். தோட்டத்தில் பேர் போடாதவரின் பிள்ளையையும் சேர்ப்பதா என்ற கேள்வி பல இடங்களில் எழும்பியிருக்கிறது. சேர்ப்பதே சரி என்று நினைக்கிறோம். பிள்ளை லயத்துப் பிள்ளைதானே. இதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுப்புங்கள். அதே கூட்டத்தில் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம்: உத்தியோகத்தர் லீவு போட்டால் யார் திறப்பது? கைக்குழந்தைகளையும் நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைக்காமல் பிரிக்க முடியுமா? என் பிள்ளையின் நிறைப் படம் மேலே போகிறதா, நிற்கிறதா? குறை சொல்லும் குரலில் கேட்காதீர்கள். உத்தியோகத்தரும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும்.

கடைசியாகத் தகப்பன்மாருக்கு. கவ்வாத்து, உரம் போடுதல், கான் வெட்டு போன்ற வேலைகளைக் கணக்குக்கு முடித்து நீங்கள் பகல் இரண்டு மணிக்கே லயத்துக்கு வந்துவிடும் நாட்கள் உண்டு. அம்மா அந்திக் கொழுந்து நிறுத்து வர ஐந்து மணியாகிறது. அந்த இடைநேரத்தில் பிள்ளையைப் போய்க் கூட்டி வர உங்களால் முடியும். பிள்ளைக்காம்பராப் பதிவேட்டில் பிள்ளையை அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தால், உங்கள் பெயரையும் எழுதச் சொல்லி நாளைக்கே கேளுங்கள்.